ஜிம்முக்கு கட்டுன காசு மூணு தடவ போச்சு, நாலாவது தடவயும் கட்டலாமா? (சேலம்)

கொலுசுக்காரன்

வணக்கமுங்க. நாலஞ்சு வருசமா இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போறவன், மொத தடவயா எழுதறேன், நீளமா இருந்தா கோச்சுக்காதீங்க.

எனக்கு 39. சிவதாபுரம் பக்கம் வெள்ளி கொலுசு பட்டறை, என்னோட சேத்து நாலு பேர். இந்த வேலைய பாத்தவங்களுக்கு தெரியும், காலைல ஒம்பது மணிக்கு சம்மணம் போட்டு ஒக்காந்தா கண்ணி கோக்கறது, பத்த வைக்கறது, முத்து மாட்டறது எல்லாமே ஒக்காந்த எடத்துலயேதான், எந்திரிக்கறது டீக்கும் ஒண்ணுக்கும் மட்டும், அந்த டீயயும் பையன் கைல கொண்டாந்து குடுத்துருவான். தீபாவளி ஆர்டர் வந்துட்டா ராத்திரி பதினொன்னு பன்னெண்டு சாதாரணம்.

போன மாசம் தோள்பட்ட வலின்னு டாக்டர்ட்ட போனேன். அவரு தோளப் பாத்தத விட தொப்பையத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு. ப்ளட் டெஸ்ட் எழுதுனாரு, ரத்தத்துல சக்கர எவ்ளோன்னு சொல்ற ஹெச்பிஏ1சி 6.1 வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சுகருக்கு முந்துன கட்டமாம், 6.5ஐ தொட்டா சுகரே தானாம். இடுப்ப டேப் வச்சு அளந்தா 101 சென்டிமீட்டர், நம்மூர் ஆம்பளைக்கு 90க்குள்ள இருக்கணும்னாரு. எடை 78. மாத்திர இப்ப வேணாம், மூணு மாசம் டைம் தரேன், நடங்க, ஜிம்முல சேருங்க, அப்பறம் மறுபடி டெஸ்ட் எடுக்கலாம்னு அனுப்பிட்டாரு. எங்கப்பாவுக்கு சுகர்ல கால் வெரல் ரெண்ட எடுத்தாங்க, அதனால பயம் இருக்கத்தான் செய்யுது.

பிரச்சன என்னன்னா நான் ஏற்கனவே மூணு தடவ ஜிம்முக்கு காசு கட்டியிருக்கேன். மொத தடவ கல்யாணத்துக்கு முன்னாடி, எல்லாரும் சேர்றதுதான். ரெண்டாவது தடவ லாக்டவுன் முடிஞ்சு ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஏசி போட்ட ஒரு பெரிய ஜிம்முல வருச பேக்கேஜ் 14 ஆயிரம் கட்டி மொத்தமா 11 நாள் போனேன், இங்கிருந்து அங்க போறதுக்கே அஞ்சு ரோடு சிக்னல்ல பாதி உசுரு போயிரும். மூணாவது தடவ தம்பி கூட சேந்தேன், அவன் நின்னான், நானும் நின்னேன். இப்ப ஜிம்முன்னு வாயத் தொறந்தாலே எங்க வீட்டம்மா "அந்த காசுக்கு எனக்கு நாலு ஜோடி கொலுசு போட்டிருக்கலாம், வெள்ளிக்காரன் பொண்டாட்டி வெறுங்காலா நிக்கறேன்"னு ஆரம்பிச்சிருது. அது சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க.

கேள்வி இதுதான். ஜிம்முங்கறது சோம்பேறிய சுறுசுறுப்பாக்குமா, இல்ல ஏற்கனவே சுறுசுறுப்பா இருக்கறவன் போற எடமா? நடந்தாலே போதுமா? போயி பலன் பாத்தவங்க, பாக்காதவங்க ரெண்டு பேருமே சொல்லுங்க.

மூக்கனேரி மாமா

தம்பி, ஒரு பைசா கட்டாதீங்க. நான் ஸ்டீல் பிளான்ட்ல இருந்து ரிட்டயர்டு ஆயி ஆறு வருசம் ஆச்சு, அன்னைல இருந்து தெனம் காலைல அஞ்சே காலுக்கு கன்னங்குறிச்சி மூக்கனேரி பக்கம் ஒரு மணி நேரம் நடக்கறேன். ஒரு காலத்துல அந்த ஏரி எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும், 2010ல ஊர்க்காரங்க சேந்து தூர் வாரி நடுவுல தீவு தீவா மண்ணக் கொட்டி மரம் வச்சதுக்கப்பறம் இப்ப பறவைய பாத்துக்கிட்டே நடக்கலாம். எந்த ஏசி ஜிம்முல உங்களுக்கு நீர்க்காக்கா வரும்?

இன்னொன்னு சொல்றேன், இந்த ட்ரெட்மில் இருக்குல்ல, அது மொதல்ல எதுக்கு வந்துச்சு தெரியுமா? 1818 வாக்குல இங்கிலாந்துல ஒரு இன்ஜினியர் ஜெயில் கைதிங்களுக்கு தண்டனையா செஞ்சு வச்சது. பெரிய சக்கரம், அதுல படி மாதிரி இருக்கும், கைதிங்க ஏறிக்கிட்டே இருக்கணும், எங்கயும் போய்ச் சேர மாட்டாங்க. இன்னைக்கு அதே வேலைய நாம காசு குடுத்து கண்ணாடிய பாத்துக்கிட்டு பண்றோம். நம்மூர் சென்ட்ரல் ஜெயில் அஸ்தம்பட்டில தான இருக்கு, அந்த வழியா போறப்பல்லாம் எனக்கு இந்த நெனப்பு வந்து தனியா சிரிச்சிக்குவேன்.

கவர்மென்டே 2023 நவம்பர்ல நடப்போம் நலம் பெறுவோம்னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை ஒதுக்கி நடங்கய்யான்னு சொல்லிட்டாங்க. நடங்க, போதும். ராத்திரி சாப்பாட்ட ஏழு மணிக்கு முடிச்சுக்கங்க.

தாதகாப்பட்டி தாதா

ண்ணா 11 நாளா? நான் 4 நாள். அதுல ஒரு நாள் ஐடி கார்டு போட்டோ எடுக்க போனது 😂

அம்மாபேட்டை டீச்சர்

மாமா சொல்றது பாதி சரி, மீதி பாதிய நான் சொல்றேன். எனக்கு 46, ஸ்கூல்ல வேல, நாள் பூரா நின்னுட்டே இருக்கற வேலதான், அது போக சாயங்காலம் அண்ணா பூங்கா பக்கம் நடந்துட்டும் இருந்தேன் ரெண்டு வருசமா. அப்படி இருந்தும் கீழ ஒக்காந்தா ஒரு கைய ஊனாம எந்திரிக்க முடியல, படி எறங்கறப்ப முட்டில ஊசி குத்தற மாதிரி வலி. டாக்டரம்மா பாத்துட்டு "நடக்கறது உங்க இதயத்துக்கு நல்லது, தொடைல சதையே இல்லயே, அதுக்கு என்ன பண்ணுனீங்க"ன்னு கேட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் ரெண்டு பங்கா தான் இருக்கு, வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிசம் வேகமா நடக்கற மாதிரி எதாவது, அதுக்கு மேல வாரத்துல ரெண்டு நாளாச்சும் சதைக்கு வேல குடுக்கற பயிற்சி. அந்த ரெண்டாவத எல்லாரும் வசதியா மறந்துருவோம். முப்பது தாண்டுனா சதை கொஞ்சம் கொஞ்சமா கரையுது, பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நிக்கற நேரத்துல எலும்பும் சேந்து தேயுது, எடை தூக்குனா ரெண்டுமே மெதுவாகும்.

ஆனா ஜிம்முல சேர்றதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே. கேட்ட எடத்துல எல்லாம் லேடீஸ் டைமிங் காலைல பதினொன்னுல இருந்து மூணு. பொம்பளைன்னா பகல்ல வீட்லயேதான் இருப்பான்னு யாரு இவங்களுக்கு சொன்னதுன்னு தெரியல, வேலைக்கு போறவ எப்ப வருவா? மத்த நேரத்துல போனா பசங்க கண்ணாடி முன்னாடி பனியனத் தூக்கி வயித்த போட்டோ எடுத்துட்டு இருப்பானுங்க, நாம போயி ஓரமா நிக்கணும். கடைசில பொம்பளைங்களுக்குன்னே ஒருத்தங்க வீட்டு மாடில நடத்தற எடம் கெடச்சுது, சாயங்காலம் அஞ்சரைக்கு, டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாது நமக்கு, எறங்குனா ரெண்டு நிமிச நடை. மொத்தமே ஒரு பென்ச்சு, கொஞ்சம் டம்பெல், ஒரு கம்பி, ரப்பர் பாய், அவ்ளோதான்.

மாமியார் மொத மாசம் பூரா பாட்டு. "நாங்க அம்மி அரச்சோம், ஆட்டுக்கல்லு ஆட்டுனோம், தறிக்கு பாவு ஓட்டுனோம், குடத்துல தண்ணி சொமந்தோம், எங்களுக்கு எந்த ஜிம்மு?" உண்மைதான அத்தை, இப்ப அம்மிய மிக்ஸி பிடுங்கிக்கிச்சு, தறிய மோட்டார் பிடுங்கிக்கிச்சு, தண்ணி குழாய்ல வருது, அந்த வேலைய எங்கயாச்சும் போயி காசு குடுத்துதான் திரும்ப வாங்கணும்னேன். எனக்கே கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு சொல்றப்ப.

எட்டு மாசம் ஆச்சு. எடை வெறும் ரெண்டரை கிலோதான் கொறஞ்சிருக்கு, அத எதிர்பாத்து போறவங்க ஏமாந்து நின்னுருவாங்க. ஆனா போன வாரம் சிலிண்டர் போடற தம்பி வாசல்லயே வச்சிட்டு போயிட்டாரு, கேஸ் 14.2 கிலோ, இரும்போட சேத்தா கிட்டத்தட்ட 30, நானே தூக்கி சமயக்கட்டுல வச்சேன். மாமியார் பாத்துட்டு ஒன்னும் சொல்லல, காப்பி மட்டும் போட்டு குடுத்தாங்க.

ஏற்காட்டு மிளகு

மேல இருந்து ஒரு ஆள் பேசறேன். எஸ்டேட்ல மேற்பார்வை வேல. கீழ இருக்கறவங்க எல்லாம் "உங்களுக்கென்னப்பா மலைல ஏறி எறங்குனாலே எக்சர்சைஸ்"னு சொல்லுவீங்க. அதெல்லாம் எங்கப்பா காலம். இப்ப ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானால இருந்து அரை கிலோமீட்டர் போகணும்னாலும் பைக்க ஸ்டார்ட் பண்றோம், மேடுன்னு ஒரு சாக்கு வேற இருக்கு. எனக்கே தொப்ப வந்து ரெண்டு வருசம் ஆச்சு.

சரி வேல செய்யறவங்களாச்சும் நல்லா இருக்காங்களான்னு பாத்தா அதுவும் இல்ல. காப்பி பழம் பறிக்கற அம்மாமாருங்க, நவம்பர்ல இருந்து சீசன் முடியற வரைக்கும் சரிவுல நின்னுட்டே பறிப்பாங்க, சாக்கு சொமப்பாங்க, அம்பத்தஞ்சு வயசுல பாதி பேருக்கு முட்டி போச்சு. சில்வர் ஓக் மரத்துல ஒத்த மூங்கில் ஏணி வச்சு மிளகு பறிக்கறவருக்கு ஒரு பக்க தோளு மட்டும் எறங்கி இருக்கும். வேல ஒடம்ப அடிக்கற அடி வேற, பயிற்சி வேறன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. வேலைல நீங்க களைச்சிட்டீங்கன்னு சாக்கு எடைய கொறைக்காது, நாளைக்கு ரெஸ்ட் எடுத்துக்கோன்னும் சொல்லாது. அதுனால "நான் நாள் பூரா ஒழைக்கறேன் எனக்கெதுக்கு"ன்னு யாரும் இருக்காதீங்க, கொலுசுக்கார அண்ணன் மாதிரி ஒக்காந்து ஒழைக்கறவரும் அதேதான்.

அப்பறம் ஞாயித்துக்கெழம விடியக்காலைல அடிவாரத்துல இருந்து 20 கொண்ட ஊசி வளைவும் சைக்கிள்லயே ஏறி வர்ற சேலம் பசங்கள பாக்கறேன். மேல வந்து மூச்சு வாங்கிட்டு மொளகா பஜ்ஜி ரெண்டு ப்ளேட்டு சாப்ட்டு பிரேக்க பிடிச்சிக்கிட்டே எறங்கி போறாங்க. கணக்கு சமமாயிரும்னு நெனைக்கறேன் 😄 அண்ணா நீங்க எடுத்த எடுப்புல அதுக்கு கெளம்பிராதீங்க.

கர்லாக்கட்டை

நான் இந்த தொழில்ல இருக்கறவன், அதனால நான் சொல்றதுல கொஞ்சம் தள்ளுபடி பண்ணி எடுத்துக்கங்க. கொண்டலாம்பட்டி பக்கம் சின்ன ஜிம், மாடில தகரக் கூர, ஏசி கெடையாது, ஏப்ரல் மே மாசம் மத்தியானம் கம்பிய தொட்டா கை சுடும். எங்க வாத்தியார் காலத்துல இத தேகப்பயிற்சி சாலைன்னுவாங்க, தண்டால், பஸ்கி, கர்லா கட்ட, ஒரு ஆஞ்சநேயர் படம், அவ்ளோதான் சாமான்.

கொலுசுக்காரண்ணா, மொதல்ல உங்க 11 நாள் கதைய பத்தி. அது உங்க தப்பு மட்டும் இல்ல. பெரிய ஜிம்மோட கணக்கே வராதவங்கள வச்சுதான் ஓடுது. நூறு பேர் ஒரே நேரத்துல வந்தா நிக்க எடம் இருக்காது, ஆனா அஞ்சாறு மடங்கு பேர்கிட்ட காசு வாங்கியிருப்பாங்க, எல்லாரும் ஒரு நாள் ஒன்னா வந்து நின்னா ஓனரு பின்வாசல் வழியா ஓடணும். வருசப் பேக்கேஜ ஏன் அவ்ளோ மலிவா தராங்கன்னு யோசிங்க, துணிக்கடை மாதிரி ஆடித் தள்ளுபடி கூட போடறாங்க இப்ப. ஜனவரி ஒன்னாந்தேதி வர்ற கூட்டம் பொங்கலுக்கு கரும்பு கடிக்க போறதோட சரி. தை, வைகாசிக்கு முன்னாடி மாப்பிள்ளைங்க வருவாங்க, தாலி கட்டுனதும் காணாம போயிருவாங்க. அதனால மாசா மாசம் கட்டற எடமா பாருங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல, மாசம் பொறந்து காசு குடுக்கறப்பயாச்சும் ஞாபகம் வரும். போன 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18ல இருந்து 5 சதவீதமா கொறஞ்சிருக்கு, பழைய ரேட்டுல பில்லு போட்டா கேளுங்க.

எடம் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு விசயம்தான். வீட்ல இருந்து பட்டறைக்கு போற வழில இருக்கணும். அஞ்சு ரோட்டத் தாண்டி போகணும்னா அது தங்கத்துல கட்டுன ஜிம்மா இருந்தாலும் வேணாம்.

சுகருக்கு ஏன் சதை முக்கியம்னு எங்கிட்ட வர்ற வியாபாரிங்களுக்கு நான் நம்மூர் மொத்த மார்க்கெட் லீ பஜார் கணக்குலதான் சொல்லுவேன். சாப்ட்டதும் ரத்தத்துல சக்கர லோடு லோடா வந்து எறங்குது. அத பெரும்பங்கு வாங்கி வைக்கற குடோன் சதைதான். குடோன் சிறுசு, அதுலயும் பழைய சரக்கே தீரலைன்னா லாரி எல்லாம் ரோட்லயே நிக்கும், அதத்தான் டெஸ்ட்ல 6.1னு காட்டுது. நீங்க எடை தூக்கறப்ப சதை உள்ள இருக்கற சரக்க எரிக்குது, குடோன் காலியாவுது. இன்னொரு விசேசம், சாதாரணமா கதவ தொறக்க இன்சுலின்ங்கற சாவி வேணும், சதை சுருங்கி விரியறப்ப அந்த சாவி இல்லாமயே கதவு தொறக்கும். பயிற்சி முடிஞ்ச பொறவும் ஒரு நாள், நல்லா பண்ணுனா ரெண்டு நாள் வரைக்கும் அந்த பலன் நிக்கும், அதுக்கப்பறம் போயிரும். அதனால தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல சும்மா இருக்காதீங்க. திங்கள், புதன், வெள்ளி ஜிம்மு, மத்த நாள் மாமா சொல்ற மாதிரி நடை. ரெண்டுக்கும் சண்ட இல்ல.

என்ன பண்றதுன்னா, மெசினு முப்பது இருக்கும், உங்களுக்கு அஞ்சு வேல போதும். நாற்காலில ஒக்காந்து எந்திரிக்கற மாதிரி ஸ்குவாட், கீழ இருக்கற எடைய இடுப்ப மடக்கி தூக்கறது, நெஞ்சால தள்றது, முதுகால இழுக்கறது, ரெண்டு கைலயும் டம்பெல் புடிச்சிக்கிட்டு ரேசன் அரிசி சொமக்கற மாதிரி நடக்கறது. உங்க தொழிலுக்கு முதுகால இழுக்கறதுதான் ரொம்ப முக்கியம், நாள் பூரா குனிஞ்சு கண்ணி பாக்கற ஆளு, தோள் வலியே அதனாலதான் இருக்கலாம். பத்து பன்னெண்டு தடவ, ரெண்டு செட்டு, கடைசி ரெண்டு தடவ செரமமா இருக்கணும், சுலபமா ஆயிட்டா ரெண்டரை கிலோ ஏத்துங்க. மூச்ச அடக்காதீங்க, பிபி எகிறும். சேர்றதுக்கு முன்னாடி அந்த டாக்டர்ட்டயே பிபியும் பாத்துட்டு போங்க. நெஞ்சுல அழுத்தம், கண்ணு இருட்டறதுன்னு வந்தா அங்கயே நிறுத்திரணும், முக்கி பாக்கக் கூடாது.

மொத நாளு ரோசத்துல எதுவும் பண்ணாதீங்க. போன வருசம் ஒரு தம்பி வேற எங்கயோ மொத நாளே ட்ரெய்னர் சொன்னான்னு இருநூறு ஸ்குவாட் அடிச்சிட்டு ரெண்டாம் நாள் மூத்திரம் கோலா கலர்ல போயி ஆஸ்பத்திரில நாலு நாள் ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, சதை செதஞ்சு கிட்னிய அடைச்சிருமாம். மறுநாள் படி எறங்க வலிக்கறது சாதாரணம், மூத்திரம் கருத்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போயிரணும். அதே மாதிரி சேந்த வாரமே டப்பா பவுடர் வாங்கு, ஊசி போட்டா மூணு மாசத்துல கட்டு வந்துரும்னு எவனாச்சும் சொன்னா செருப்ப மாட்டிட்டு கெளம்பிருங்க. புரோட்டீன் பவுடர் வெசம் கெடையாது, ஆனா உங்களுக்கு இப்ப தேவையில்ல. 78 கிலோவுக்கு சாதாரணமா ஒரு நாளைக்கு 65 கிராம் புரதம் வேணும், முட்ட ஒன்னுல 6 கிராம், நூறு கிராம் கொள்ளு, பொட்டுக்கடல, நெலக்கடல எதுலயும் 20க்கு மேல இருக்கு. கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. தட்டுவடை செட்டுல மட்டும் புரதம் தேடாதீங்க 🙏

மூக்கனேரி மாமா

ஜிம்முக்காரர் பரவால்ல, ஒளிக்காம பேசறாரு. ஆனா குடோன் எங்கிட்டயும் இருக்கு, நடந்தாலும் கால் சதைதான வேல செய்யுது?

கர்லாக்கட்டை

செய்யுது மாமா, யாரு இல்லன்னது. ஆனா ஆறு வருசமா அதே தூரம் அதே வேகம், ஒடம்பு பழகிருச்சு, பெருசா கேக்கவே இல்ல அதுகிட்ட. மேல் ஒடம்புக்கு ஒன்னுமே இல்ல. கைய ஊனாம தரைல இருந்து எந்திரிக்க முடியுதான்னு இன்னைக்கு ராத்திரி பாருங்க, எங்கிட்ட சொல்ல வேணாம்.

தாதகாப்பட்டி தாதா

நான் பாத்தேன். முடியல. எனக்கு 27 😐

கொலுசுக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. டீச்சரம்மா எழுதுனத வீட்டம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், சிலிண்டர் கதைய கேட்டு ரெண்டு நாளா என்னய ஒரு மாதிரி பாக்குது. கர்லாக்கட்டை அண்ணா சொன்ன மாதிரி தேடுனதுல பட்டறைல இருந்து முன்னூறு மீட்டர்லயே மளிகக் கடைக்கு மேல ஒன்னு இருக்கு, இத்தன வருசம் அந்த போர்ட பாத்துட்டு தாண்டி ஃபேர்லேண்ட்ஸ் போயிருக்கேன் பாருங்க. மாசம் 700. ஒரு சந்தேகம், மீதி 23 மணி நேரம் ஒக்காந்துட்டு ஒரு மணி நேரம் ஜிம்முக்கு போனா சரியாயிருமா?

அம்மாபேட்டை டீச்சர்

ஆகாதுங்க, அதுதான் ஜிம்முக்கு போறவங்க ஏமாறுற எடம், காலைல தூக்கிட்டேன்னு மீதி நாள் அசையாம இருப்பாங்க. முக்கால் மணிக்கொரு தடவ எந்திரிச்சு ரெண்டு நிமிசம் நடங்க. டீய பையன் கொண்டு வர வேணாம், நீங்க நாலு பேரும் கடைக்கு நடந்து போயி குடிங்க. மத்தியானம் சாப்ட்டு பத்து பதினஞ்சு நிமிசம் மெதுவா நடந்தாலே சக்கர ஏர்ற வேகம் நல்லா கொறையும். மல்கோவா சீசன் வந்தா ஒன்னே ஒன்னு, அதுவும் சாப்பாட்டோட சேக்காம.

கொலுசுக்காரன் (ஒம்பது வாரம் கழிச்சு)

யாராச்சும் ஞாபகம் வச்சிருக்கீங்களான்னு தெரியல, கேட்டவன் வந்து பதில் சொல்லாம போனா தப்புன்னு எழுதறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேலைய நடுவுல அப்படியே வச்சிட்டு போறேன், முக்கா மணி நேரத்துல திரும்பி வந்து மறுபடி ஒக்காந்துக்கறேன். வீட்டுக்கு போயிட்டு போலாம்னு நெனச்சா போகவே மாட்டேன்னு இந்த மூணு தடவைல கத்துக்கிட்டேன். டீக்கு நாலு பேரும் கடைக்கு போறோம். பட்டறைல சின்னப் பையன்கிட்ட போன்ல முக்கா மணிக்கு அலாரம் வைக்க சொல்லிருக்கேன், அடிச்சதும் "அண்ணா எந்திரி"ன்னு கத்தறான், மொதலாளிய வெரட்ட சான்ஸ் கெடச்சா விடுவானா.

மூணு வாரம் ஒழுங்கா போச்சு. அப்பறம் தீபாவளி சீசன் வந்துச்சு. ஆர்டரு கழுத்து வரைக்கும், ஒம்பது நாள் போகல. சரி, நாலாவது தடவயும் அவ்ளோதான்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன், வீட்டம்மாவும் ஒன்னும் கேக்கல, கேக்காம இருந்ததுதான் எனக்கு உறுத்துச்சு. பத்தாம் நாள் சாயங்காலம் பட்டறை வாசல்ல அந்த ஜிம்முக்காரர் வந்து நிக்கறாரு. பொண்ணுக்கு கொலுசு பாக்கணும்னாரு. ஒக்கார வச்சு டிசைன் காட்டுனேன், முப்பது ஜோடி பொரட்டிப் பாத்தாரு, வெலயெல்லாம் கேட்டாரு, எதயும் எடுக்கல. எந்திரிச்சு செருப்பு மாட்டறப்ப "நாளைக்கு கால் வேல இருக்குங்க, ஆறு மணிக்கு வந்துருங்க"ன்னுட்டு போயிட்டாரு. ஃபேர்லேண்ட்ஸ்ல நான் 11 நாள்ல நின்னப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு, ரெனியூவல் ஆஃபருன்னு, அதுவும் பத்து மாசம் கழிச்சு.

மறுநாள் போனேன். இப்ப வர போயிட்டு இருக்கேன், வாரத்துக்கு மூணு, சில வாரம் ரெண்டு. இடுப்பு 101ல இருந்து 97. எடை ரெண்டு கிலோ. தோள் வலி முக்காவாசி போயிருச்சு, இது நான் எதிர்பாக்காதது. ஹெச்பிஏ1சி மூணு மாசம் முடிஞ்சுதான் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, அது மூணு மாச சராசரியாம், அவசரப்பட்டு எடுத்தா பழைய கணக்கும் சேந்தே வருமாம். இன்னும் நாலு வாரம் இருக்கு. தீபாவளி பலகாரம் எவ்ளோ சாப்ட்டேன்னு மட்டும் கேக்காதீங்க.

ஆங், ஜிம்முக்காரர் பொண்ணுக்கு ஒரு ஜோடி குடுத்தேன், செய்கூலி வாங்கல. வீட்டம்மாவுக்கு இன்னும் போடல, அது தனிப் பஞ்சாயத்து.

ஏற்காட்டு மிளகு

அண்ணா இத படிச்சிட்டு இன்னைக்கு ஒண்டிக்கடைக்கு நடந்தே போனேன். திரும்பி வர்றப்ப பக்கத்து வீட்டுக்காரர் பைக்குல ஏறிட்டேன், மேடு.

மூக்கனேரி மாமா

டீச்சரம்மாவுக்கு ஒரு கேள்வி. எனக்கில்ல, நான் ஏரிக்குத்தான் போவேன். எங்க வீட்ல அவங்களுக்கு 60 ஆவுது, முட்டி வலி, கீழ ஒக்காந்தா ரெண்டு கையும் ஊனித்தான் எந்திரிக்கறாங்க. நீங்க சொன்ன அந்த மாடி ஜிம்முல இந்த வயசுல சேப்பாங்களா?

அம்மாபேட்டை டீச்சர்

தாராளமா மாமா, எங்க செட்டுலயே 63 வயசு அம்மா ஒருத்தங்க இருக்காங்க. முட்டிய ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வர சொல்லுங்க. எடத்த தனி மெசேஜ்ல அனுப்பியிருக்கேன். மொத நாள் நீங்களே கூட்டிட்டு வரலாம், ஆனா படிக்கட்டோட நின்னுக்கணும், மேல ஆம்பளைங்கள விட மாட்டாங்க.